பைல் மாடல் தவறான எண்ணைத் தரும்போது: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

அடுக்கு மண்ணில் பைல் அடித்தளத்தை (கட்டடப் பளுவை ஆழ மண்ணுக்குக் கொண்டுபோகும் நீண்ட தூண்களை) வரம்புறு கூறு முறையில் (மண்ணையும் பைலையும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறையில்) மாடல் செய்பவர்கள் சரிபார்க்கச் சொல்லி அனுப்பும் கோப்புகளில், ஒரே சில கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைவிட அடிக்கடி வருவது கோளாறைச் சரிசெய்ய எடுத்த தவறான வழி. அமிழ்வு, அதாவது பைல் கீழே இறங்கும் அளவு, கூடுதலாக வந்தால் மண்ணின் மீள்குணகத்தை (விறைப்பைக் குறிக்கும் எண்ணை) ஏற்றுகிறார்கள். குறைவாக வந்தால் இறக்குகிறார்கள். எண் பொருந்திவிடுகிறது, கோளாறு உள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த கட்டப் பளுவிலோ பக்கத்துப் பைலிலோ அது மறுபடி வெளிவரும், அப்போது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் மண் அளவுருவைத் தொடுவதைக் கடைசிப் படியாகவே வைத்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

பைலையும் பளுவையும் நீக்கிவிட்டு முதல் கட்டத்தை மட்டும் ஓட்டுங்கள். பிறகு ஏதாவது ஓர் ஆழத்தில் செங்குத்துத் தகைவைக் கையால் போட்டு ஒப்பிடுங்கள். மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், நீர்மட்டம் 2 மீட்டரில் என்றால், 10 மீட்டர் ஆழத்தில் மொத்தத் தகைவு 180 கிலோபாஸ்கல், நீர் அழுத்தம் சுமார் 78, மீதி 102 பயனுறு தகைவு, அதாவது மண்துகள்கள் தாங்கும் பங்கு. மாடலில் வேறு எண் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். நீர்மட்டமோ எடையோ தவறாக உள்ளது.

செங்குத்துத் தகைவு சரியாக இருந்தாலும் கிடைத் தகைவு தவறாக இருக்கலாம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மணலில் பைலின் பக்க உராய்வு கிடைத் தகைவோடு நேராக ஏறி இறங்கும்; அது பாதியானால் உராய்வும் பாதியாகும். அடுக்குகளும் தரையும் நீர்மட்டமும் கிடையாக இருந்தால், கிடை-செங்குத்துத் தகைவு விகிதத்தை நேரடியாகக் கொடுக்கும் முறை போதும். சாய்வான அடுக்கு இருந்தால் மண்ணின் சொந்த எடையை ஏற்றித் தொடங்க வேண்டும். ஆனால் எடையேற்றும் முறையில் அந்த விகிதத்தை முடிவுசெய்வது பாய்சான் விகிதம்தான் (அழுத்தும்போது மண் பக்கவாட்டில் எவ்வளவு விரிகிறது என்பதைக் காட்டும் எண்): 0.3 கொடுத்தால் 0.43 வரும். முன்பே அழுத்தப்பட்டு இறுகிய களிமண்ணில் உண்மையான விகிதம் ஒன்றைத் தாண்டியிருக்கக்கூடும். எடையேற்றும் முறை அதை ஒருபோதும் தராது. அந்த இடத்தில் முதலில் எடையை ஏற்றி, பிறகு மேலே கூடுதல் மண்ணை வைத்து எடுத்து, அந்த வரலாற்றை மாடலில் கொண்டுவர வேண்டும். அதற்கு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறு விறைப்பு வைக்கும் மண் மாடல் தேவை.

கடைசியாக, பைலின் விறைப்பு. 600 மி.மீ. விட்டம், 20 மீட்டர் நீளம், 30 கிகாபாஸ்கல் மீள்குணகம் கொண்ட கான்கிரீட் பைலின் தலையில் 1000 கிலோநியூட்டன் வைத்து, வழியில் மண் எதையும் வாங்காமல் முழுவதும் முனைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், பைல் சுருங்குவது சுமார் 2.4 மி.மீ. உராய்வு இருந்தால் இதைவிடக் குறைவு. உங்கள் மாடலில் தலைக்கும் முனைக்கும் இடையே 24 மி.மீ. வித்தியாசம் என்றால், அலகில் ஒரு பூஜ்யம் தொலைந்திருக்கிறது.

## அறிகுறி: கணக்கு பாதியில் நிற்கிறது

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே பாதி விடை.

பைல் இல்லாத முதல் கட்டத்திலேயே நின்றால், போர்ஹோல்களுக்கு (மண் ஆய்வுத் துளைகளுக்கு) இடையே அடுக்குகளை மென்பொருள் இணைத்த விதத்தைப் பாருங்கள். ஒரு போர்ஹோலில் 1.5 மீட்டர் இருந்த வண்டல் அடுக்கு அடுத்ததில் இல்லை என்றால், நடுவில் அது கத்திமுனை போல் மெலிந்து முடியும். அங்கே உருவாகும் ஊசிபோன்ற கூறுகள் கணக்கைக் கெடுக்கும். கூறுகளின் தரப் படத்தைத் திறந்து மோசமானவற்றைத் தேடுங்கள். மெலிந்த முனையை ஓரிடத்தில் செங்குத்தாக வெட்டி முடித்துவிடுவதே எளிது. அடுத்து, தரையருகே ஒட்டுமை பூஜ்யமாக உள்ள மணல்: அங்கே வலிமை ஏறத்தாழ இல்லை என்பதால் ஓரிரு கூறுகள் உடைந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 0.5 அல்லது 1 கிலோபாஸ்கல் ஒட்டுமை கொடுப்பதில் தவறில்லை. அது பைலின் விடையை மாற்றாது.

பைலைச் சேர்த்த கட்டத்தில் நின்றால், முனையின் மூலைகளைப் பாருங்கள். இடைமுகம் (பைலும் மண்ணும் தொடும் பரப்பில் வழுக்கலை அனுமதிக்கும் மெல்லிய கூறுகள்) மூலையோடு முடியும்போது அங்கே தகைவு எல்லையின்றிக் குவிகிறது. இடைமுகத்தைப் பைல் முனைக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் சிறிது நீட்டுங்கள். நீட்டிய பகுதிக்கு மட்டும் மண்ணின் முழு வலிமையைக் கொடுங்கள், இல்லையென்றால் மண்ணுக்குள் இல்லாத பிளவை நீங்களே உண்டாக்கியதாகும். இதன் பிறகும் நின்றால் இடைமுகத்தின் விறைப்பைச் சோதியுங்கள். கான்கிரீட்டுக்கும் மென்களிமண்ணுக்கும் இடையே விறைப்பு பத்தாயிரம் மடங்கு வேறுபடும். இடைமுகத்தையும் அளவுக்கு மீறி விறைப்பாக்கினால் சமன்பாடுகள் தடுமாறும்.

பளு ஏறும்போது நின்றால், அது உண்மையான உடைவாகவே இருக்கலாம். கையால் தாங்குதிறனைப் போடுங்கள். மேல் 12 மீட்டர் மென்களிமண்ணில் பக்க உராய்வு 20 கிலோபாஸ்கல். கீழ் 8 மீட்டர் கடினக் களிமண்ணின் வடியா வெட்டு வலிமை (நீர் வெளியேற நேரமில்லாத நிலையில் உள்ள வலிமை) 100, உராய்வு அதில் பாதி. நமது 600 மி.மீ. பைலுக்கு மேலடுக்கு 450, கீழடுக்கு 750, முனைக்கு அந்த வலிமையின் ஒன்பது மடங்கு என்ற கணக்கில் 250, ஆக 1450 கிலோநியூட்டனைச் சற்றுத் தாண்டும். மாடல் 1400-ல் நின்றால் அது சொல்வது சரி. 600-ல் நின்றால், நிற்கும் முன் கடைசிப் படியில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சியை மட்டும் வரைந்து பாருங்கள். பைலின் பக்கம் நெடுகவும் முனையைச் சுற்றியும் பரவியிருந்தால் வலிமையை எங்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரே கூறில் குவிந்திருந்தால் வலைக் கோளாறு. உடைவுக்கு அருகே பளுவை ஏற்றுவதைவிட, பைல் தலையை மி.மீ. கணக்கில் கீழே தள்ளி எதிர்விசையை அளப்பது நிதானமாக ஓடும்.

பிழை வரம்பைத் தளர்த்தி ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் தளர்த்தினால், மண்ணால் தாங்க முடியாத விசையைத் தாங்கியதாக மாடல் ஒப்புக்கொள்ளும். அந்த விடை ஆபத்தான பக்கத்தில்தான் தவறும்.

## அறிகுறி: அமிழ்வு மிக அதிகம்

முதலில் பார்ப்பது, முந்தைய கட்டங்களின் இடப்பெயர்ச்சியைப் பூஜ்யமாக்கினீர்களா என்பது. மண் தன் எடையால் இறங்கியதும் பைலின் கணக்கில் சேர்ந்து 80 மி.மீ. என்று நிற்கும்.

அடுத்து பளுவின் அலகு. அச்சுச் சமச்சீர் மாடலில் (பைலைச் சுற்றி எல்லாத் திசையும் ஒன்றே என்று ஒரு வெட்டை மட்டும் எடுப்பதில்) புள்ளி விசையைச் சில மென்பொருள்கள் ஒரு ரேடியனுக்கு எவ்வளவு என்றே வாங்குகின்றன. பிளாக்ஸிஸ் என்ற மண்ணியல் மென்பொருள் அப்படித்தான். 1000 என்று எழுதினால் உண்மையில் 6283 கிலோநியூட்டன் ஏறுகிறது. விசையை விட்டு, பைல் தலைப் பரப்பின் மேல் அழுத்தமாகக் கொடுங்கள், குழப்பமே வராது. நமது பைலுக்கு 1000 கிலோநியூட்டன் என்பது சுமார் 3540 கிலோபாஸ்கல். முப்பரிமாணத்தில் இதன் உறவுக்காரப் பிழை ஒன்று உண்டு: சமச்சீர்த் தளத்தின் மேல் அமர்ந்த பைல் பாதிப் பைல்தான். பளுவும் குறுக்குவெட்டும் இரண்டும் பாதியாக வேண்டும். ஒன்றைப் பாதியாக்கி மற்றொன்றை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

பிறகு எல்லை. பக்க எல்லை செங்குத்தாக வழுக்க விடப்பட்டிருந்தால், அதை அருகில் வைப்பது வரிசையாகப் பல பைல்களை நட்டதற்குச் சமம், அமிழ்வு கூடும். முழுவதும் பூட்டப்பட்டிருந்தால் அமிழ்வு குறையும். எவ்வளவு தூரம் போதும் என்பதற்கு விட்டத்தின் பத்து மடங்கு என்ற வழக்கம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்ப வேண்டாம். ரேண்டால்ஃபும் ரோத்தும் 1978-ல் தந்த எளிய சூத்திரத்தில், பைலின் தாக்கம் எட்டும் ஆரம் நீளத்தைப் பொறுத்தது, விட்டத்தை அல்ல: ஒரே சீரான மண்ணில் நீளத்தின் 2.5 மடங்கை, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தைக் கழித்த எண்ணால் பெருக்க வேண்டும். 20 மீட்டர் பைலுக்கு வடியா நிலையில் அது 25 மீட்டர். பத்து விட்டம் என்றால் 6 மீட்டர்தான்.

கீழ் எல்லை இருபுறமும் வெட்டும். பைல் வரிசையை இருபரிமாணத் தளத் திரிபு மாடலாக (வரிசை முடிவில்லாச் சுவர்போல் நீள்வதாக எடுக்கும் மாடலாக) போட்டு, கீழ் அடுக்குக்கு ஆழம் நெடுக ஒரே மீள்குணகம் கொடுத்தால், எல்லையை ஆழமாக்க ஆக்க அமிழ்வு ஏறிக்கொண்டே போகும். ஓர் இடத்திலும் நிற்காது. அது மண்ணின் குணமல்ல, அந்தக் கணிதத்தின் குணம். எல்லையை ஒன்றரை மடங்கு ஆழமாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால், ஆழத்தோடு மீள்குணகம் ஏறுவதாகக் கொடுக்க வேண்டும், அல்லது எல்லையைப் பாறை வரை கொண்டுபோக வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் அமிழ்வு அதிகமாகவே இருக்கிறதா? மாடலை நம்பத் தொடங்க வேண்டிய இடம் இது. பைல் முனைக்குக் கீழே மென்மையான அடுக்கு இருந்தால், குழுவாக நிற்கும் பைல்கள் அதை அழுத்தும். தனிப் பைல் சோதனையில் இது தெரியவே தெரியாது. சரிபார்க்க எளிய வழி, உராய்வுப் பைல் குழுவை நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் இருக்கும் ஒரு பரந்த அடித்தளமாக எண்ணி, அங்கிருந்து இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் பளுவைப் பரப்பி, மென்மையான அடுக்கின் சுருக்கத்தைக் கையால் போடுவது. அந்த எண்ணும் மாடலும் ஒரே திசையைக் காட்டினால் விறைப்பை ஏற்றி மறைக்காதீர்கள். போர்ஹோல்கள் அந்த அடுக்கின் அடிவரை போயிருக்கின்றனவா என்று பாருங்கள். போகவில்லை என்றால் மாடலை மூடிவிட்டு மண் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும்.

மீள்குணகம் இந்த வரிசையில் கடைசி. பைலைச் சுற்றியுள்ள பெரும்பாலான மண் மிகச் சிறிய திரிபில்தான் இருக்கிறது. வழக்கமான முவ்வச்சுச் சோதனையில் ஒரு சதவீதத் திரிபில் எடுத்த மீள்குணகம் அதற்கு மிக மென்மையானது. விறைப்பு திரிபோடு குறைவதை உள்ளே வைத்திருக்கும் மண் மாடலுக்கு மாறுவது, எண்ணைக் கைக்கு வந்தபடி மூன்று மடங்காக்குவதைவிட நேர்மையானது.

## அறிகுறி: அமிழ்வு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

கீழ் எல்லை பைல் முனையை ஒட்டி இருக்கிறதா? வடியா நிலையில் மட்டும் ஓட்டிவிட்டு நீண்டகால அமிழ்வு என்று எழுதியிருக்கிறீர்களா? இந்த இரண்டிலேயே பல கோப்புகள் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு பைலுக்குள் இருக்கும் உத்தரத்தைப் பாருங்கள். திண்மக் கூறுகளால் ஆன பைலில் வளைவுத் திருப்புத்திறனைப் படிக்க நடுவில் ஓர் உத்தரத்தைப் புதைப்பது நல்ல வழக்கம். ஆனால் அதன் விறைப்பைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்து வைத்து, படித்த எண்ணைப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். முழு விறைப்பில் விட்டால் பைல் இருமடங்கு விறைப்பாகிவிடும். இடைமுகமே இல்லாமல் மண்ணும் பைலும் ஒரே கணுவைப் பகிர்ந்தால், வழுக்கல் பக்கத்து மண் கூறுகளுக்குள்தான் நடக்க வேண்டும். வலை பருத்திருந்தால் அது நடக்காது.

## அறிகுறி: பளு ஏற ஏற வளைகோடு முறியவே இல்லை

இதை அமிழ்வுப் பிழையைவிடக் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். வளைகோடு முறியாத மாடலிலிருந்து தாங்குதிறனைப் படிப்பவர், இல்லாத வலிமையைக் கட்டடத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்.

எளிதானது முதலில்: எந்த அளவு தள்ளினீர்கள்? பக்க உராய்வு சில மி.மீ. நகர்விலேயே முழுமையடையும். முனைத் தாங்குதிறனுக்கு விட்டத்தின் பத்து சதவீதமாவது வேண்டும். நமது பைலுக்கு 60 மி.மீ. நீங்கள் 15 மி.மீ.-ல் நிறுத்தியிருந்தால் முறிவைத் தேடுவது வீண்.

60 மி.மீ. தாண்டியும் ஏறுகிறதென்றால் விரிவுக் கோணத்தைப் பாருங்கள். அடர்ந்த மணல் வெட்டப்படும்போது பருக்க முயல்கிறது. பைலுக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் இடையே சிக்கிய மெல்லிய பட்டைக்குப் பருக்க இடமில்லை. கிடைத் தகைவு ஏறும், உராய்வு ஏறும், மறுபடி பருக்கும். எளிய மோர்-கூலும் மாடலில் (ஒட்டுமை, உராய்வுக் கோணம் இரண்டாலும் மண்ணின் வலிமையைச் சொல்லும் மாடலில்) இது எல்லையில்லாமல் நடக்கும், ஏனென்றால் பருத்து முடித்த மணல் அதற்கு மேல் பருக்காது என்பது அந்த மாடலுக்குத் தெரியாது. சிலிக்கா மணலுக்கு உராய்வுக் கோணத்தில் 30 பாகையைக் கழித்தால் விரிவுக் கோணம் ஏறத்தாழக் கிடைக்கும். அதையும் இடைமுகத்தில் பூஜ்யமாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். வளைகோடு உடனே முறிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வடியா நிலையில் ஓடும் எந்த அடுக்குக்கும் விரிவுக் கோணம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கவே கூடாது: பருக்க முயலும் மண் துளைநீர் அழுத்தத்தை இழுத்துத் தாழ்த்தி முடிவில்லா வலிமை பெறும்.

களிமண்ணில் வேறொரு பொறி இருக்கிறது. வடியா நிலையில் பயனுறு வலிமை அளவுருக்களைக் கொடுத்து மோர்-கூலும் மாடலை ஓட்டினால், வடியா வெட்டு வலிமையை நீங்கள் கொடுப்பதில்லை. மாடலே அதைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இயல்பாக இறுகிய களிமண்ணில் அது கூடுதலாக வரும். செங்குத்துப் பயனுறு தகைவு 100, உராய்வுக் கோணம் 25 பாகை, ஒட்டுமை இல்லை என்று வையுங்கள். ஜாக்கி 1944-ல் தந்த விதிப்படி கிடைத் தகைவு 58. இரண்டின் சராசரியை 25 பாகையின் சைனால் பெருக்கினால் 33 கிலோபாஸ்கல் வருகிறது. களத்தில் இத்தகைய களிமண்ணின் வலிமை செங்குத்துத் தகைவின் 0.22 மடங்கை ஒட்டியே இருக்கும், அதாவது 22. மாடல் ஒன்றரை மடங்கு வலிமையோடு ஓடிக்கொண்டிருக்கிறது, திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இந்த ஒரே சோதனையை எல்லாக் களிமண் அடுக்குகளுக்கும் கையால் போடுங்கள். பொருந்தவில்லை என்றால் அளந்த வடியா வலிமையை நேரடியாகக் கொடுங்கள்.

மூன்றாவது காரணம் கூறுகளின் வகை. ஏறத்தாழக் கன அளவு மாறாத மண்ணை எளிய நேர்கோட்டுக் கூறுகளால் நிரப்பினால் அவை பூட்டிக்கொள்ளும். முனையருகே சராசரித் தகைவை வரைந்தால், அடுத்தடுத்த கூறுகளில் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி ஏறி இறங்கும். இரண்டாம் படிக் கூறுகளுக்கு மாறுங்கள். முனையருகே கூறின் அளவு விட்டத்தின் கால் பங்குக்குள் இருக்கட்டும். பாதியாக்கி மறுபடி ஓட்டியும் விடை நிலைத்திருக்க வேண்டும். கணினி நேரம் கூடும், அதைத் தவிர்க்க வழியில்லை.

பைலை மண்ணுக்குள் புதைந்த உத்தரமாக மாடல் செய்திருந்தால் இந்த அறிகுறி நேர் எதிராக வரும்: வளைகோடு மிக அழகாக, நீங்கள் எதிர்பார்த்த பளுவிலேயே முறியும். மகிழ வேண்டாம். அந்த வகைக் கூறில் பக்க உராய்வையும் முனைத் தாங்குதிறனையும் கொடுத்தவரே நீங்கள்; கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது. பல பைல்களுள்ள அடித்தளத்தின் பளுப் பங்கீட்டுக்கும் அமிழ்வுக்கும் அது நல்ல கருவி. தாங்குதிறனைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. பக்கவாட்டுப் பளு முதன்மையாக இருக்கும் இடத்திலும் அதை நம்பக் கூடாது.

## அறிகுறி: அச்சு விசைப் படம் விநோதமாக இருக்கிறது

அடுக்கு எல்லையில் விசை துள்ளுகிறது. அடுக்கு மாறும் இடத்தில் கோட்டின் சரிவு மாறலாம், மாறத்தான் வேண்டும். விசையே ஒரு படியாகத் துள்ளக் கூடாது. அந்தப் புள்ளியில் வெளியிலிருந்து யாரும் பளு வைக்கவில்லை. கணு இணையாமல் போயிருக்கலாம், இரண்டு இடைமுகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கலாம், அல்லது தகைவைக் கூட்டி விசையாக்கும்போது வலை போதாமல் இருக்கலாம். மூன்றும் மலிவான திருத்தங்கள்.

ஆழத்தோடு விசை ஏறுகிறது. இது பிழையாகவும் இருக்கலாம், இறங்கும் மண் பைலைக் கீழே இழுக்கும் எதிர்மறை உராய்வாகவும் இருக்கலாம். பிரித்தறியத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. பைலின் அமிழ்வையும், பைலிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள மண்ணின் அமிழ்வையும் ஆழத்துக்கு எதிராக ஒரே படத்தில் வரையுங்கள். மேலே மண் பைலைவிட அதிகம் இறங்கியிருக்கும், கீழே குறைவாக. இரண்டும் வெட்டும் ஆழமே நடுநிலைத் தளம்; விசை உச்சமடையும் இடமும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். இருந்தால் மாடல் உண்மையைச் சொல்கிறது: மேலே கொட்டிய நிரப்பு மண்ணோ இறங்கிய நீர்மட்டமோ மென்களிமண்ணை இறுகச் செய்து பைலை இழுக்கிறது. அதைக் காணாமல் போகச் செய்ய எந்த அளவுருவையும் திருப்பாதீர்கள்.

இரண்டு ஆழங்களும் பொருந்தவில்லை என்றால் எடையைப் பாருங்கள். புதைந்த உத்தரம் மண்ணை அகற்றுவதில்லை. ஆகவே அதற்குக் கான்கிரீட்டின் எடையிலிருந்து மண்ணின் எடையைக் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். அடுத்து கட்ட வரிசை: நிரப்பு மண்ணை வைத்து இறுகவிட்ட பிறகு பைல் நடப்பட்டதா, முன்பேயா? களத்தில் நடந்த வரிசையும் மாடலின் வரிசையும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

எதிர்மறை உராய்வு உண்மை என்று உறுதியானதும், அதைத் தாங்குதிறனிலிருந்து கழித்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. உடையும் நிலையில் பைல் மண்ணைவிட வேகமாக இறங்கும். இழுத்த மண்ணே அப்போது தாங்கும். கழிக்க வேண்டிய இடம் அது அல்ல. பைலின் கான்கிரீட் அந்த உச்ச விசையைத் தாங்குமா, அமிழ்வு ஏற்கத்தக்கதா என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி: துளைநீர் அழுத்தம் வரிவரியாக ஏறி இறங்குகிறது

இறுகல் கணக்கின் (களிமண்ணிலிருந்து நீர் மெல்ல வெளியேறுவதைக் காலப் படிகளாகப் பின்தொடரும் கணக்கின்) முதல் சில படிகளில் மட்டும், மணலும் களிமண்ணும் சந்திக்கும் இடத்தில் இது தெரிந்தால், காலப் படி மிகச் சிறியது. வழக்கத்துக்கு மாறாக, இங்கே சிறிய படி தீங்கு செய்யும். வெர்மீரும் வெரூயிட்டும் 1981-ல் காட்டிய வரம்புப்படி, எளிய நேர்கோட்டுக் கூறுகளில், கூறின் உயரத்தின் வர்க்கத்தை இறுகல் குணகத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் வருவதைவிடக் காலப் படி பெரிதாக இருக்க வேண்டும். உயரம் அரை மீட்டர், குணகம் ஆண்டுக்கு 2 சதுர மீட்டர் என்றால் ஏழெட்டு நாட்கள். ஒரு நாள் படி வேண்டுமென்றால் எல்லையருகே வலையைச் சிறிதாக்குங்கள்.

எல்லாப் படிகளிலும் தெரிந்தால் நீர் ஊடுருவும் தன்மையின் வேறுபாடு காரணம். மணலுக்கும் களிமண்ணுக்கும் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. மணலின் எண்ணைச் சற்றுக் குறைத்தாலும், களிமண்ணோடு ஒப்பிட அது உடனடியாக வடிந்துவிடும்.

## அறிகுறி: சுற்றியுள்ள தரை மேலே எழுகிறது, அல்லது பள்ளம் மிக அகலமாகப் பரவுகிறது

நிலவறைக்குத் தோண்டும் கட்டத்தில் அடிமண் அளவுக்கு மீறி எழுந்து பைல்களில் இழுவிசை வந்தால், பெரும்பாலும் காரணம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே விறைப்பு வைக்கும் மோர்-கூலும் மாடல். பளு நீங்கும்போது மண் பல மடங்கு விறைப்பாக இருக்கும். ஹார்டனிங் சாயில் போன்ற மாடலில் இறக்க விறைப்பு, வேறு தரவு இல்லாதபோது, ஏற்ற விறைப்பின் மூன்று மடங்காக வைக்கப்படுகிறது. ஆயினும் எழுச்சியால் வரும் இழுவிசை உண்மையிலும் உண்டு. மாடலை மாற்றிய பிறகும் அது நிலைத்தால் பைலின் கம்பியை அதற்கேற்ப வைக்கச் சொல்லுங்கள்.

அகலப் பள்ளமும் இதே குடும்பம். சிறு திரிபில் மண் விறைப்பாகிறது என்பதை மாடல் அறியாவிட்டால், பக்கத்துக் கட்டடம் சாய்வதற்குப் பதில் சமமாக இறங்குவதாகக் காட்டும். பார்ப்பதற்குப் பாதுகாப்பான எண். உண்மையில் சரிவு குறைத்துக் காட்டப்படுகிறது.

அடித்து இறக்கும் பைல் என்றால், மண்ணை விலக்கி எழச் செய்யும் அந்த வேலையை வழக்கமான மாடல் செய்வதே இல்லை. பைல் ஏற்கனவே அங்கே இருந்ததாகவே அது தொடங்குகிறது. களத்தில் அளந்த எழுச்சியை இந்த மாடலில் தேடாதீர்கள்.

## அறிகுறி: குழுவில் பளுப் பங்கீடு ஒப்பவில்லை

விறைப்பான தலைப்பலகைக்குக் கீழே மூலைப் பைல்கள் அதிகமும் நடுப் பைல்கள் குறைவும் தாங்குவது இயல்பு. எல்லாம் சமமாக வந்தால் பலகையின் விறைப்பைப் பாருங்கள், பிறகு பைல்கள் உடைவை எட்டிவிட்டனவா என்று பாருங்கள். பலகைக்கும் மண்ணுக்கும் இடையிலான தொடுதகைவையும் வரையுங்கள். அங்கே இழுவிசை தெரிந்தால் மண் பலகையில் தொங்குகிறது என்று பொருள். இறுகும் களிமண்ணில் உண்மையில் இடைவெளி விழும். இடைமுகத்துக்கு இழுவலிமை பூஜ்யம் கொடுங்கள்.

## அறிகுறி: பளுச் சோதனையோடு ஒத்துவரவில்லை

சோதனையில் பைல் விறைப்பாகவும் மாடலில் மென்மையாகவும் தெரிந்தால், எதிர்விசையை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் இழுபைல்கள் இருந்தால் அவை மண்ணை மேலே தூக்கி, அளந்த அமிழ்வைக் குறைத்திருக்கும். அவற்றையும் மாடலில் வையுங்கள். சோதனை தரைமட்டத்தில் நடந்து, கட்டடப் பைல் நிலவறைக்குக் கீழே தொடங்குகிறதென்றால், மேலடுக்கின் உராய்வு சோதனையில் மட்டும்தான் உண்டு.

தலையின் அமிழ்வு பொருந்தி, உள்ளே பதித்த திரிபுமானிகள் பொருந்தாதது கடினமான வகை. அடித்து இறக்கிய பைலில், சோதனைக்கு முன்பே எஞ்சிய விசை பூட்டிக் கிடக்கும். கருவியைச் சோதனைத் தொடக்கத்தில் பூஜ்யமாக்கினால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அப்போது பக்க உராய்வு கூடுதலாகவும் முனை குறைவாகவும் தெரியும். அந்த அளவீட்டுக்கு மாடலைப் பொருத்தினால் முனை அடுக்கின் வலிமையைக் குறைத்து எழுதியவராவீர்கள். அளவீட்டைத் திருத்திய பிறகே மாடலைத் தொடுங்கள். அதற்கு அனுபவமுள்ள ஒருவர் தேவை.

## எப்போது நிபுணரைக் கூப்பிட வேண்டும்

மேலே உள்ளவற்றைச் செய்தும் கைக்கணக்கும் மாடலும் இருமடங்குக்கு மேல் விலகியிருந்தால். பைல் முனைக்குக் கீழே பத்து விட்டத்துக்குள் மென்மையான அடுக்கு இருந்தால். மேயர்ஹோஃப் 1976-ல் சுட்டியபடி, அங்கே கடின அடுக்கின் முழு முனைத் தாங்குதிறன் கிடைக்காது, துளைத்துக்கொண்டு இறங்கும் வாய்ப்பும் உண்டு. சுண்ணாம்புப் பாறைக் குழிகள், நிலநடுக்கத்தில் குழையும் மணல், பக்கத்தில் பழைய கட்டடம் ஆகியவற்றில் எது இருந்தாலும். களத்தில் அமிழ்வு இன்னும் நிற்காமல் தொடர்ந்தால், மாடலைத் திருத்திக்கொண்டு உட்காராமல் அன்றே கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். போர்ஹோல் பதிவுகளை முழுமையாக, நீர்மட்டம் அளந்த தேதிகளோடு அனுப்புங்கள். களத்தில் நடந்த வேலை வரிசையை எழுதுங்கள். எல்லையை நகர்த்தியும் வலையைப் பாதியாக்கியும் ஓட்டிய விடைகளை அசலோடு சேர்த்து வையுங்கள். எந்த அளவுருவை, எந்த நாளில், என்ன காரணத்துக்காக மாற்றினீர்கள் என்ற பட்டியலையும் இணையுங்கள். வருபவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.